செங்கல் சுவரில் ஏறுபிடிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே சுவரேறிப் பழக, கைகால் பற்றும் ஏறுபிடிகளைச் சுவரில் பொருத்த முயலும் பலருக்கு உதவப் போயிருக்கிறேன். வீடுதான் மாறுகிறது, தவறு மாறுவதில்லை. கண்ணாடி அணியுங்கள், கீழே மெத்தை போடுங்கள் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

பூச்சைச் சுவர் என்று நம்புவது

இதை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

ஹார்டுவேர் கடையில் எம்10 (10 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட்டுக்கு ஆங்கர், அதாவது துளைக்குள் இருந்து போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் உலோகக் குழல், கேட்டால் பெரும்பாலும் டிராப்-இன் ஆங்கரைத்தான் எடுத்துத் தருவார்கள். நீளம் 40 மில்லிமீட்டர், துளை 12 மில்லிமீட்டர். உள்ளே தள்ளி, கம்பி வைத்துச் சுத்தியலால் அடித்தால் அதன் அடிப்பாகம் விரிந்து இறுகிக்கொள்ளும். வாய் சுவரோடு சமமாக நிற்கும். பிடியை விரும்பியபோது கழற்றி மாற்றலாம். குறையே இல்லாததுபோல் தோன்றும். ஆனால் அது கான்கிரீட்டுக்காகச் செய்யப்பட்ட பொருள். நம் வீட்டுச் செங்கல் சுவரில் முதல் 15, 20 மில்லிமீட்டர் வெறும் சிமெண்டுப் பூச்சு. ஆக, ஆங்கரில் ஏறக்குறைய பாதி பூச்சிலேயே முடிந்துவிடுகிறது. விரிகிற மறுபாதியோ செங்கல்லின் மேல்தோலை நெருக்கிப் பிளக்கிறது.

தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில் இளைஞர் ஒருவர், "அண்ணா, ஒரு பிடி மட்டும் சுற்றுகிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சரியாகிவிடும்" என்று எல்-கீயை எடுத்தார். அரைச் சுற்று முறுக்கியதும் பிடி அசையாமல் நின்றது. அவருக்குத் திருப்தி. நான் மேல்விளிம்பில் விரல்களை மாட்டி வெளிப்பக்கமாக இழுத்தேன். ஆங்கர், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு, ஒரு செங்கல் சில்லு, எல்லாம் கையோடு வந்துவிட்டன. இரண்டு ஆள் உயரத்தில் தொங்கும்போது இது நடந்திருந்தால்?

பிடி சுற்றுவதற்குக் காரணம் இறுக்கம் போதாமை அல்ல. அடியில் பூச்சு நொறுங்கிவிட்டது. அதன் பிறகு இறுக்கும் ஒவ்வொரு சுற்றும் ஆங்கரை வெளியே இழுக்கிற வேலையைத்தான் செய்கிறது. ஏறுபவரின் எடை நேர் கீழாக மட்டும் இறங்குவதும் இல்லை. சுவரிலிருந்து துருத்தி நிற்கும் பிடி ஒரு நெம்புகோல், போல்ட்டை வெளியே பிடுங்கப் பார்க்கும்.

ஒன்பது இஞ்சுக் கெட்டிச் செங்கல் சுவர் என்றால் ரெசின் என்ற இறுகும் பிசினை ஊற்றிப் பொருத்தும் கெமிக்கல் ஆங்கரே சரி. அது செங்கல்லை நெருக்குவதில்லை. ஆழத்தைப் பூச்சிலிருந்து அளக்காதீர்கள். செங்கல் தொடங்கும் இடத்திலிருந்து அளந்து, ஆங்கரின் உறையில் குறித்திருக்கும் ஆழத்துக்குப் போங்கள். செங்கல் எங்கே தொடங்குகிறது என்பதைத் துளையிலிருந்து கொட்டும் தூளே சொல்லும். முதலில் சாம்பல் நிறம், பிறகு சிவப்பு. சாம்பல் நிறமே தொடர்ந்தால் இரண்டு செங்கற்களுக்கு நடுவிலுள்ள சாந்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் துளையை அடைத்துவிட்டு நகருங்கள்.

தூளை உள்ளேயே விடுவது

ரெசின் தூளைத்தான் பிடிக்கும், செங்கல்லைப் பிடிக்காது. ஊதி, பிரஷ் போட்டு, மறுபடியும் ஊதுங்கள். வாயால் அல்ல, பம்பால். குழாயிலிருந்து முதலில் வரும் ரெசினை, நிறம் ஒரே சீராகும் வரை பழைய அட்டையில் பிழிந்து எறிந்துவிடுங்கள். காசு போகிறதே என்று அதையும் துளைக்குள் திணிப்பவர்கள் உண்டு.

ஹாலோ பிளாக் சுவர்

ரெசினைத் தாங்கிக்கொள்ளும் வலைக்குழலைத் துளையில் செருகாமல் ரெசின் ஊற்றினால் அத்தனையும் உள்ளே இருக்கும் பொந்துக்குள் போய்விடும்.

நாலரை இஞ்சுச் சுவர், காம்பவுண்டுச் சுவர்

வேண்டாம்.

ஒவ்வொரு பிடிக்கும் சுவரைத் துளைப்பது

பிடிகளை அடிக்கடி மாற்ற நினைப்பவர்கள் மரச்சட்டங்களைச் சுவரில் பல இடங்களில் ஆழமாகப் பிணைத்து, அதன்மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட் அடித்துவிடலாம். பலகையைத் தூக்கி மாட்டும் முன்பே பின்பக்கம் டி-நட்டுகளை (போல்ட் மாட்ட மரத்தில் பதிக்கும் நட்டுகள்) பதித்துவிட வேண்டும். மாட்டிய பிறகு அங்கே கை போகாது. எடை பல ஆங்கர்களுக்குப் பிரியும். பிடி சுற்றாமலிருக்க ஒரு சிறு மர ஸ்குரூ போதும். வாடகை வீடென்றால் வீட்டுச் சொந்தக்காரரிடம் விளக்குவதும் சுலபம்.

சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும்

துளையிடாதீர்கள். உள்ளே வயர் ஓடுகிறது.

வெளிச்சுவரில் சாதாரண போல்ட்

கடற்கரை ஊர்களில் துத்தநாகப் பூச்சு நெடுநாள் தாங்காது. 316 வகை துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். போல்ட்டை மட்டும் அதில் வாங்கி, ஆங்கரைச் சாதாரண இரும்பில் விட்டால் ஆங்கர் இன்னும் வேகமாக அரிக்கும். இரண்டையும் ஒரே உலோகத்தில் வாங்குங்கள்.