டையில் மாட்டிய பித்தளைப் பூண்

வியாசர்பாடியில் எங்கள் பட்டறை. உளிப்பிடிக்கான பித்தளைப் பூண்களைக் கைப்பிரஸ்ஸில் டை என்கிற அச்சுக்குள் அழுத்தி ஒரு முனையைச் சிறுக்க வைப்போம். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். துப்பாக்கித் தோட்டாக் கூட்டுக்கும் இதே கலவைதான்.

போன மாதம் ஒரு பூண் டைக்குள் இறுகிவிட்டது. தட்டி எடுத்தால் விளிம்பு கிழிந்திருந்தது, டையின் உள்சுவரில் மஞ்சள் கோடாகப் பித்தளை ஒட்டியிருந்தது. எண்ணெய் போதவில்லை என்று தாராளமாக ஊற்றினேன். அடுத்தது வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் பூண் சிறுக்கத் தொடங்கும் தோள்பகுதியில் நகத்தால் அமுக்கியதுபோல் ஒரு குழி! வெளியேற வழியில்லாத எண்ணெய் பித்தளையையே உள்ளே தள்ளியிருக்கிறது.

பக்கத்து லேத் அண்ணன் எட்டிப் பார்த்தார். “ஊத்தாத தம்பி, தடவு.”

சரி என்று டையை லேத்தில் சுழலவிட்டு, நைஸ் எமரி தாளால் ஒட்டிய பித்தளையை எடுத்தேன். பனியன் வேஸ்ட்டில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு, விரலில் பிசுக்கு தெரிகிற அளவுக்குப் பூணின் உடம்பில் மட்டும் தடவினேன், தோளில் தடவவில்லை. கந்தகம் கலந்த கியர் ஆயில் பக்கம் போகவில்லை, பித்தளை கறுத்துவிடும்.

அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது பூண். ஒன்றும் மாட்டவில்லை. அப்புறம் சோப்பு வெந்நீரில் கழுவத்தான் இடுப்பு கழன்றது.