முதல் கேம்பெயினும் அதற்குப் பொருந்தும் பாத்திரங்களும்: புதிய கேம் மாஸ்டருக்கு ஒரு செய்முறை விளக்கம்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, பேச்சாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் ரோல்பிளேயிங் ஆட்டத்தை யூடியூபில் பார்த்துவிட்டு, மதுரையில் நாமும் ஒரு குழுவைச் சேர்த்து ஆடலாமே என்று நினைப்பவர்களுக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன். ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து கதை நிகழும் உலகத்தையும் அங்கு எதிர்ப்படும் மனிதர்களையும் பேசுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று அந்த உலகில் நடமாடுவார்கள். பலிக்குமா பலிக்காதா என்று தெரியாத செயல்களைப் பகடை தீர்மானிக்கும். பல அமர்வுகளாகத் தொடரும் ஒரே கதைக்குக் கேம்பெயின் என்று பெயர். கேம்பெயினைக் கேம் மாஸ்டர் தனியே முடிவு செய்வதும், மற்றவர்கள் தத்தம் வீட்டில் பாத்திரங்களை உருவாக்கிக்கொண்டு வருவதும்தான் வழக்கமாக நடக்கிறது. முதல் அமர்விலேயே கதை ஒரு பக்கமும் பாத்திரங்கள் வேறு பக்கமும் இழுப்பதற்கு அந்த வழக்கமே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து. ஆகவே இங்கே இரண்டையும் ஒரே வேலையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: நாட்காட்டியைப் பாருங்கள்

கதையைப் பற்றி யோசிப்பதற்கு முன், யார் யார் வருவார்கள், எத்தனை மணி நேரம் இருப்பார்கள், எத்தனை வாரம் தொடர முடியும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேம் மாஸ்டரைத் தவிர நான்கு பேர் என்பது தொடக்கத்துக்கு ஏற்ற அளவு. மூவரோடும் ஆடலாம், ஆனால் ஆறு பேரைச் சேர்த்தால் ஒவ்வொருவரும் தம் முறைக்காகக் காத்திருந்து கைபேசியை எடுத்துவிடுவார்கள். திருக்கல்யாணமும் தேரும் அழகர் ஆற்றில் இறங்குவதும் அடுத்தடுத்து வரும் சித்திரைத் திருவிழா வாரத்தில் மதுரையில் எந்தக் குழுவும் ஒன்றுசேராது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு நடக்கும் பொங்கல் நாட்களுக்கும் இதே நிலைதான். கல்லூரி மாணவர்கள் இருந்தால் செமஸ்டர் தேர்வுகளையும், சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பவர் இருந்தால் அவர் ஊருக்கு வரும் வார இறுதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சும் ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிப் பார்த்தால், ஓராண்டு நீளும் பெருங்கதை நமக்குரியதல்ல என்பது தானாகவே விளங்கும். முதல் கேம்பெயின் மூன்று மணி நேர அமர்வுகள் ஆறில் முடிவதாக இருக்கட்டும்.

இரண்டாம் படி: விதிமுறையைத் தேர்ந்தெடுங்கள்

1974-இல் முதன்முதலாக வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இன்றும் பலருக்கு அறிமுகமான ஆட்டம். அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய ஆவணம் 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைப்பதால், எதையும் வாங்காமலேயே தொடங்கிவிடலாம். சண்டை, மந்திரம், படிப்படியாக வலிமை பெறுதல் ஆகியவற்றை உங்கள் குழு விரும்பினால் அது பொருந்தும். அச்சமும் மர்மமும் வேண்டுமென்றால் 1981-இல் வந்த கால் ஆஃப் கதுல்லுவின் முறை எளிது. ஒரு திறமை 45 என்று எழுதியிருந்தால் நூறு வரை காட்டும் பகடையில் 45-ஓ அதற்குக் கீழோ விழ வேண்டும், அவ்வளவுதான். விண்வெளி வணிகம் பிடித்தவர்களுக்கு 1977-ஆம் ஆண்டின் டிராவலர் இருக்கிறது; லூடோவுக்குப் பயன்படும் ஆறுபக்கப் பகடை இரண்டு இருந்தாலே அதை ஆடிவிடலாம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 4, 6, 8, 10, 12, 20 பக்கங்கள் கொண்ட பகடைகள் தேவை. உள்ளூர்க் கடையில் கிடைக்காவிட்டால் இணையத்தில் வரவழைக்கலாம், அல்லது கைபேசியில் ஒரு பகடைச் செயலியை வைத்துக்கொள்ளலாம். கீழடியில் பகடைக்காய்கள் கிடைத்த மண்ணைச் சேர்ந்த நமக்குத் தாயக்கட்டையைப் பயன்படுத்தும் ஆசை வருவது இயல்பே. ஆனால் இரண்டு கட்டைகள் சேர்ந்து தரும் எண்கள் சமவாய்ப்புடையவை அல்லவாதலால் அவை இருபதுபக்கப் பகடைக்கு ஈடாகமாட்டா.

மூன்றாம் படி: கதைக்களத்தை முடிவு செய்யுங்கள்

அச்சில் வந்த ஆயத்தக் கதையை எடுத்துக்கொண்டால் மூன்று செய்திகளைப் பாருங்கள்: பாத்திரங்களின் வலிமை எந்த நிலையில் தொடங்கி எந்த நிலையில் முடிகிறது, சண்டைக்கும் பேச்சுக்கும் தேடலுக்கும் எவ்வளவு இடம் தருகிறது, பாத்திரங்கள் அந்தக் கதைக்குள் ஏன் வர வேண்டும் என்பதற்கு என்ன காரணம் சொல்கிறது. மூன்றாவதற்கு விடை பலவீனமாக இருக்கும் புத்தகங்கள் ஏராளம். அந்தக் குறையை நீங்கள்தான் நிரப்ப வேண்டியிருக்கும்.

சொந்தமாக அமைக்க விரும்புபவர்களுக்கு மதுரையைச் சுற்றியே போதுமான பொருள் கிடக்கிறது. இந்த விளக்கம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன்: ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், மதுரையிலிருந்து வைகைக் கரையோரமாக அழகன்குளம் துறைமுகத்துக்குச் செல்லும் ஒரு வணிகச் சாத்து, அதாவது கூட்டமாகப் பயணம் செய்யும் வணிகர் குழு. வழி நூறு கிலோமீட்டருக்கும் மேல். மாட்டுவண்டிகளோடு நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர் என்று வைத்தால் ஆறு நாள் பயணம், அதாவது அமர்வுக்கு ஒரு நாள். சங்க இலக்கியம் காட்டும் மதுரையில் பகலில் கூடும் நாளங்காடியும் இரவில் கூடும் அல்லங்காடியும் இருந்தன. கோட்டை வாயிலில் யவனர் காவல் நின்றதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கடற்கரையிலிருந்து உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்த உமணர்கள் இந்த வழிகளை நன்கு அறிந்தவர்கள். மாங்குளம் மலைக் குகையில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டு இருப்பதால், துறவிகள் தங்கும் குகை ஒன்றைக் கதையில் சேர்த்துக்கொள்ளலாம். கீழக்குயில்குடிச் சமணர் மலைச் சிற்பங்கள் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை; குழுவில் வரலாறு படித்தவர் யாராவது இருந்தால் அதைச் சுட்டிக்காட்டியே தீருவார். 2023-இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தை ஒரு நாள் சுற்றிவந்தால் பானை, மணி, காதணி என்று வருணிப்பதற்கு வேண்டிய பொருள்கள் கண்முன் நிற்கும்.

ஒரு கண்டிப்பான வரம்பும் உண்டு. கருப்பசாமியும் அய்யனாரும் பாண்டி முனியும் இங்கே பலருடைய குலதெய்வங்கள். அவர்களை வெல்லத்தக்க எதிரிகளாக நிறுத்துவது மேசையில் இருக்கும் ஒருவரை ஓசையின்றிப் புண்படுத்திவிடும். அதேபோல இன்றைய சாதிப் பெயர் எதையும் பாத்திரங்களின் பண்போடோ திறமையோடோ இணைக்காதீர்கள். பழங்காலக் கதைதானே என்ற சமாதானம் இதற்குப் போதாது.

நான்காம் படி: ஒரு பத்தி அறிமுகத்தை எழுதி அனுப்புங்கள்

எவரும் பாத்திரத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குவதற்கு முன், வாட்ஸ்அப் குழுவில் ஒரு பத்தியை அனுப்புங்கள். இடமும் காலமும், பாத்திரங்கள் ஒன்றாக இருப்பதற்கான காரணம், பெரும்பாலும் செய்யப்போகும் வேலை, கதையின் கனம், பொருந்தாத பாத்திர வகை ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். நம் எடுத்துக்காட்டுக்கு அது இப்படி அமையலாம்:

"பழைய பாண்டிய நாடு. நீங்கள் அனைவரும் துணிப் பொதிகளோடு மதுரையிலிருந்து அழகன்குளத்துக்குப் புறப்படும் ஒரு சாத்தைச் சேர்ந்தவர்கள். இதற்கு முன் சென்ற சாத்து திரும்பி வரவில்லை. ஆறு நாள் பயணம். சண்டையைவிடப் பேரமும் துப்பறிதலும் அதிகமாக இருக்கும். மந்திரம் அரிது, அதைக் கண்டால் ஊரார் அஞ்சுவார்கள். பாத்திரங்கள் இறக்கக்கூடும். சாத்தை விட்டுவிட்டுத் தனியே போகும் பாத்திரம் இந்தக் கதைக்குப் பொருந்தாது."

கடைசி வாக்கியத்தை எழுதத் தயங்காதீர்கள். அதை முன்கூட்டியே சொல்லாமல், ஒருவர் ஆசையாக உருவாக்கிக் கொண்டுவந்த பிறகு மறுப்பதைவிட மனக்கசப்பு தரும் செயல் இந்த ஆட்டத்தில் குறைவு.

ஐந்தாம் படி: ஒன்றாக அமர்ந்து பாத்திரங்களை உருவாக்குங்கள்

ஆட்டம் தொடங்குவதற்கு முன் இதற்கென்றே ஓர் அமர்வை ஒதுக்க வேண்டும். ஆடுபவர்கள் இதைச் செஷன் ஜீரோ என்பார்கள். வெயில் தாழ்ந்த பின் மொட்டை மாடியில் இரண்டு மணி நேரம் போதும். கதையில் எவையெல்லாம் வரவே கூடாது என்று ஒவ்வொருவரிடமும் முதலில் கேளுங்கள். வெளிப்படையாகச் சொல்லக் கூச்சப்படுபவர்கள் உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பலாம், காரணம் கேட்கக்கூடாது.

பிறகு, எண்களைத் தொடாமல் ஆளைப் பற்றி மட்டும் பேசுங்கள். இந்தச் சாத்தில் ஏன் சேர்ந்தீர்கள்? இங்கிருப்பவர்களில் யாரை முன்பே தெரியும், எப்படித் தெரியும்? இந்தப் பயணத்தில் கிடைக்கக்கூடிய எதை விரும்புகிறீர்கள்? உங்களால் செய்ய முடியாதது என்ன? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை வந்துவிட்டால் பத்துப் பக்கப் பூர்வகதை தேவையில்லை. அப்படி எழுதிவருபவரைத் தடுக்கவும் வேண்டாம், ஆனால் அந்தப் பத்துப் பக்கத்திலிருந்து கதைக்குப் பயன்படும் இரண்டு வரிகளை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

எந்தக் குழுவிலும் ஒருவர், யாரையும் நம்பாத, எவரோடும் பேசாத, இருளில் திரியும் கொலையாளியாக வர விரும்புவார். அவரிடம் முடியாது என்று சொல்வதற்குப் பதில், அந்தக் கற்பனையில் எது அவரை ஈர்க்கிறது என்று கேளுங்கள். ஓசையில்லாமல் நுழைவதும் பிறர் அறியாததைத் தாம் அறிவதும்தான் பிடித்திருக்கிறது என்று பெரும்பாலும் தெரியவரும். அப்படியானால் முந்தைய சாத்தில் சென்று திரும்பாத அண்ணனைத் தேடி வந்திருக்கும் ஒரு தங்கையாக அந்தப் பாத்திரத்தை மாற்றலாம்: அவள் எவரையும் நம்பமாட்டாள், ஆனாலும் அண்ணன் போன வழியில் போவதற்குச் சாத்தை விட்டால் வேறு துணையில்லை. விரும்பிய இயல்பு அப்படியே இருக்கிறது. குழுவை விட்டு நீங்காதிருக்கக் காரணமும் சேர்ந்துவிட்டது.

இப்போது எண்களுக்கு வரலாம். ஐந்தாம் பதிப்பில் வலிமை, லாகவம், உடலுறுதி, அறிவு, நுண்ணுணர்வு, கவர்ச்சி என்று ஆறு அடிப்படைப் பண்புகள் உண்டு. பகடை உருட்டி அவற்றை நிர்ணயிக்கும் முறையும் இருக்கிறது. புதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் ஒருவருக்கு எல்லாமே உயர்ந்தும் பக்கத்தில் இருப்பவருக்கு எல்லாமே தாழ்ந்தும் விழுந்தால் ஆறு வாரமும் அந்தக் குறை தொடரும். 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆயத்த எண்களை விரும்பியபடி பங்கிடச் சொல்லுங்கள். எண்ணிலிருந்து 10-ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, கீழ்நோக்கி முழுமையாக்கினால் கிடைப்பதுதான் பகடையோடு கூட்ட வேண்டிய மதிப்பு. பாத்திரத்தின் தொழில் வகையை இந்த ஆட்டத்தில் வகுப்பு என்பார்கள்; நம் தங்கைக்கு மறைந்து செயல்படும் ரோக் என்னும் வகுப்பைக் கொடுத்து லாகவத்துக்கு 15 வைத்தால் மதிப்பு 2. முதல் நிலையில் பயிற்சிக்குரிய கூட்டல் இன்னொரு 2. காவலர் கண்ணில் படாமல் பொதிவண்டிக்குள் நுழைவதற்கு இலக்கு 15 என்று நீங்கள் வைத்தால் இந்த இரண்டையும் கூட்டி அதை எட்ட அவள் இருபதுபக்கப் பகடையில் 11-ஓ அதற்கு மேலோ போட வேண்டும், அதாவது சரிபாதி வாய்ப்பு. மறைந்து செல்வதைச் சிறப்புத் தேர்ச்சியாக அவள் எடுத்திருந்தால் பயிற்சிக் கூட்டல் இரட்டிப்பாகி 9 போதுமானதாகிறது. வாய்ப்பு நூற்றுக்கு 60 ஆக உயர்கிறது. இவற்றுக்கு மேல் கிடைக்கும் சிறு கூட்டல்கள் 2014-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் பாத்திரத்தின் இனத்தாலும், 2024-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் அதன் பின்னணியாலும் வருகின்றன. இரண்டில் எதைப் பின்பற்றுகிறீர்கள் என்று முன்பே அறிவித்துவிடுங்கள். இந்தக் கணக்கை ஒருமுறை உரக்கச் சொல்லிக் காட்டினால் பாத்திரத் தாளைக் கண்டு மிரள்வது நின்றுவிடும்.

வகுப்புகள் மேற்கத்திய கற்பனையிலிருந்து வந்தவை என்றாலும் பலவற்றுக்கு நம் உடையை அணிவிக்க முடியும். பார்டு என்பவர் யாழோடு ஊர் ஊராகச் செல்லும் பாணராகவோ விறலியாகவோ எந்த விதியும் மாறாமல் வந்துவிடுவார். ரேஞ்சர் குறிஞ்சி நிலத்து வேட்டுவராகலாம். உடல் முழுவதும் மறைக்கும் இரும்புக் கவசத்தை இந்த வெயிலில் யார் போட்டுக்கொண்டு நடப்பார் என்று நானாக இருந்தால் கேட்டுவிடுவேன். மந்திரம் அரிது என்று அறிவித்திருப்பதால் விஸார்டு வகுப்பை எடுப்பவர் தம் ஆற்றலை ஒளித்துவைக்க நேரும் என்பதை அவரிடம் சொல்லி, அந்தச் சிரமம் அவருக்குச் சுவையாக இருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: குழுவைச் சோதித்து, கதையைத் திருத்துங்கள்

இரவில் கொள்ளையர் தாக்குகிறார்கள். சுங்கக் காவலர் கூடுதல் வரி கேட்கிறார். மணலில் பாதி அழிந்த வண்டித்தடம் தெரிகிறது. இந்த மூன்று காட்சிகளையும் சொல்லி ஒவ்வொன்றிலும் யார் முன்னால் வருவார் என்று கேளுங்கள். எதற்காவது எவரும் கை தூக்காவிட்டால் யாராவது ஒரு திறமையை மாற்றிக்கொள்ளலாம், அல்லது அந்த வகைக் காட்சியை நீங்கள் குறைத்துக்கொள்ளலாம். காயம் ஆற்றும் பாத்திரம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று யாரையும் நெருக்க வேண்டியதில்லை. சாத்தில் ஒரு வயதான மருத்துவச்சியை நீங்களே சேர்த்துவிட்டால் போதும்.

அதன்பின் பாத்திரத் தாள்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று, ஒவ்வொருவரும் விரும்புவதாகச் சொன்ன ஒன்றை முதல் மூன்று அமர்வுகளுக்குள் எங்காவது வையுங்கள். தங்கையின் அண்ணன் விட்டுச்சென்ற பெயர் பொறித்த பானை ஓடு இரண்டாம் நாள் தங்கலில் தெரியலாம். உமணர் வீட்டுப் பிள்ளையாக வருபவருக்கு மூன்றாம் நாள் எதிரே வரும் உப்பு வண்டி செய்தி கொண்டுவரலாம். கதையில் நீங்கள் முன்பு எழுதிவைத்த ஏதாவது இதற்கு இடம் கொடுக்காவிட்டால் அதை நீக்கிவிடுங்கள்.

முதல் நிலைப் பாத்திரங்கள் இரண்டு அடியில் சாய்ந்துவிடக் கூடியவை. எனவே முதல் அமர்வின் சண்டையைச் சிறியதாக வையுங்கள். அந்த அமர்வு முடிந்ததும் வகுப்பு, திறமை, எண்கள் என எதை வேண்டுமானாலும் ஒருமுறை மாற்றிக்கொள்ள அனைவருக்கும் அனுமதி கொடுங்கள். ஆடிப் பார்ப்பதற்கு முன் எடுத்த முடிவுகளில் யாரையும் கட்டிப்போட வேண்டாம்.

இடையில் புதிதாக ஒருவர் சேர விரும்பினால் அவருக்கும் அதே அறிமுகப் பத்தியை அனுப்பி, அதே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அவரை நேராக மேசைக்கு அழைக்காமல், ஏற்கெனவே ஆடும் ஒருவரோடு முதலில் பேசவைத்து, இருவருடைய பாத்திரங்களுக்கும் இடையே ஓர் உறவை முடிவு செய்யச் சொல்லுங்கள். அடுத்த தங்கலில் அந்தப் பழைய பாத்திரமே புதியவரைச் சாத்துத் தலைவரிடம் அழைத்துச் செல்லட்டும்.