வளர்ச்சி குன்றிய குழந்தையின் குடும்பத்துக்கு உதவுவோர் தவிர்க்க வேண்டியவை

அங்கன்வாடிக்கு உதவ வரும் புதிய தன்னார்வலர்கள், நான் முன்பு செய்த பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

பட்டியலைக் கூட்டத்தில் வாசிப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். என் முதல் ஆண்டில், தாய்மார் கூட்டத்தில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் பெயர்களை விழிப்புணர்வு என்ற நினைப்பில் உரக்க வாசித்தேன். பின்வரிசையில் இருந்த ஒருவர் மகளை முந்தானையால் மூடிக்கொண்டு எழுந்து போனார். அடுத்த நான்கு மாதங்கள் சத்துமாவு வாங்கக்கூட அவர் வரவில்லை. குழந்தைக்கு அப்போது பதினான்கு மாதம். கருவுற்றது முதல் இரண்டு வயது வரையிலான ஆயிரம் நாட்களில் விட்டுப்போகும் வளர்ச்சியைப் பின்னர் ஈடுகட்டுவது கடினம் என்பதால், அந்த நான்கு மாதங்களின் விலை பெரிது.

பிறகு வீடு தேடிப் போனபோது, பாட்டி ரசத்தில் கரைத்த சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தார். கரண்டியைச் சாய்த்ததும் அது தண்ணீராக ஓடியது. "காலையில ஆறு மணிக்கு வேலைக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வர்றேன், நான் எப்பங்க ஊட்டுறது?" என்று தாய் கேட்டார். கரண்டி பாட்டியின் கையில் இருக்க, நான் தாயைச் சபையில் நிறுத்தியிருந்தேன். பருப்பும் சோறும் கரண்டியில் நிற்கும் அளவுக்கு மசித்து, சிறிது எண்ணெய் விட்டு ஊட்டலாம் என்று பாட்டியிடம் அடுப்படியிலேயே காட்டினேன். நண்பகல் ஊட்டலுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் துணைக்கு வந்தார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லாதபோது, ஒரு தாயை மட்டும் குற்றவாளியாக்குவது எந்த ஊர் நியாயம்?

எடையோடு நின்றுவிடுவது

உயரத்துக்கேற்ற எடை சரியாக இருந்தாலும் வயதுக்கேற்ற உயரம் குறைந்திருக்கலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். நிறுத்தி அளந்தால் ஏறத்தாழ 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும்.

"அப்பனும் குட்டைதானே" என்பது

அளக்காமல் இதைச் சொல்லாதீர்கள்.

படம் பிடிப்பது

கூடாது.

மாவுப் பொட்டலத்தோடு கடமையை முடிப்பது

வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் மாவு மூன்றாகத்தான் பிரியும். எத்தனை நாளில் தீர்ந்தது என்று அடுத்த முறை கேளுங்கள். அதட்டிக் கேட்டால் உண்மை வராது.