குழந்தையின் காயத்தைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா? வீட்டில் செய்ய வேண்டியவை

தையல் இல்லை, கட்டும் இல்லை. காயத்தின் மேல் மினுமினுப்பாக ஒரு படலம் மட்டும் இருக்கிறது. "இது போதுமா?" என்ற கவலையில் எதையாவது தடவப் போகிறோம், அடிக்கடி தொட்டுப் பார்க்கிறோம். பசை போட்ட காயத்துக்குக் கெடுதல் வருவது பெரும்பாலும் இந்தக் கூடுதல் அக்கறையால்தான்.

மருத்துவமனையில் பயன்படுத்துவது சயனோஅக்ரிலேட் வகைப் பசை. ஈரம் பட்டதும் இறுகி, காயத்தின் இரண்டு விளிம்புகளையும் மேலிருந்து சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். கீழே தோல் தானாகக் கூடிவிடும்.

1. கிளம்பும் முன் கேளுங்கள்

எப்போது நனைக்கலாம்? டெட்டனஸ் ஊசி தேவையா? இந்த இரண்டையும் கேட்டுவிட்டு வாருங்கள். சில மருத்துவர்கள் 24 மணி நேரம் நனைக்க வேண்டாம் என்பார்கள், சிலர் 5 நாள் என்பார்கள். உங்கள் மருத்துவர் சொன்னதே கணக்கு.

2. தண்ணீர்

அனுமதித்த பிறகு காயத்தின் மேல் தண்ணீர் லேசாக ஓடினால் பரவாயில்லை. ஊறவிடக் கூடாது. தொட்டிக் குளியலும் நீச்சலும் பசை உதிரும்வரை வேண்டாம். காயத்தில் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள். குளித்ததும் மென்மையான துண்டால் ஒத்தி எடுங்கள்.

3. எதையும் தடவாதீர்கள்

வாசலின், எண்ணெய், ஆன்டிபயாடிக் களிம்பு எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பசையுள்ள பொருள் பட்டால் படலம் இளகிக் கழன்றுவிடும். தையல் போட்ட காயத்துக்குக் களிம்பு தந்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். பிளாஸ்திரியின் ஒட்டும் பகுதியும் பசை மேல் படக் கூடாது, பிரிக்கும்போது படலமும் கூடவே வந்துவிடும்.

4. நோண்டும் விரல்கள்

உண்மையான போராட்டம் இங்கேதான். இரண்டு மூன்று நாளில் ஓரம் லேசாகத் தூக்கும், அரிக்கும், குழந்தையின் விரல் தானாக அங்கே போகும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். தூக்கத்தில் சொறியும் குழந்தை என்றால், மருத்துவரிடம் கேட்டு, ஒட்டாத துணி வைத்துத் தளர்வாக மூடலாம். முகத்தில் காயம் என்றால் கழுத்து அகலமான சட்டையோ, முன்பக்கம் பொத்தான் உள்ள சட்டையோ போடுங்கள். தலை வழியாகக் கழற்றும்போது உரசாது. ஓட்டம், குதியாட்டம், பந்து விளையாட்டு எல்லாம் சில நாள் குறையட்டும். குழந்தையிடம் "தொடாதே" என்று நூறு முறை சொல்வதைவிட கைக்கு வேறு வேலை கொடுப்பது பலன் தரும்.

வலித்தால் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

5. தினமும் ஒருமுறை பாருங்கள்

தொட வேண்டாம், நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் போதும். விளிம்பில் லேசான சிவப்பு இயல்பு. சிவப்பு பரவினாலோ, வீக்கமும் சூடும் ஏறினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வலி குறையாமல் கூடினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

காயம் வாய் பிளந்தால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். வீட்டில் இருக்கும் சூப்பர் க்ளூவால் ஒட்டப் பார்க்காதீர்கள். அதுவும் சயனோஅக்ரிலேட்தான், ஆனால் காயத்துக்காகச் செய்யப்பட்டதல்ல, தோலை எரிச்சலாக்கும்.

தலையில் அடிபட்ட குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் எழவில்லை என்றாலோ, தலைவலி கூடினாலோ, வலிப்பு வந்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ காயத்தைப் பற்றி யோசிக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

6. தானே உதிரட்டும்

சாதாரணமாக 5 முதல் 10 நாளில் படலம் உரிந்து விழும். பாதி உரிந்து தொங்கினாலும் இழுக்காதீர்கள். கீழே இளஞ்சிவப்புத் தோல் தெரியும். அதில் வெயில் பட்டால் தழும்பு கறுத்துப்போகும். அதனால் வெளியே போகும்போது தொப்பியோ துணியோ மறைக்கட்டும். தோல் முழுதும் மூடிய பிறகு சன்ஸ்கிரீன் பூசலாம். சில மாதங்களுக்கு விடாமல் பூசுங்கள்.