ஸ்லைடு ஃபிலிமுக்கு நெகட்டிவ் பழக்கம் ஒத்துவராது

கலர் நெகட்டிவில் பழகிய கை, வெளிச்சத்தைத் தாராளமாகக் கொடுக்கும். ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூடிப்போனாலும் பிரிண்ட் போடும்போது சரிசெய்துகொள்ளலாம். ஸ்லைடில் அது நடக்காது. கழுவி வரும் ஃபிலிம்தான் படமே. அரை ஸ்டாப் கூடினாலே வெளுப்பு தெரிந்துவிடும்.

வெல்வியா 50 என்ற ஸ்லைடு ஃபிலிமில் நான் எடுத்த அருவிப் படம் ஒன்று இருக்கிறது. அடியிலிருந்து ஒளி வரும் லைட்பாக்ஸில் வைத்து லூப் என்ற உருப்பெருக்கி வழியாகப் பார்த்தால் பாறையும் பாசியும் அவ்வளவு அழகு. நுரை இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை, கண்ணாடி மாதிரி வெறும் ஃபிலிம். எத்தனை விலை உயர்ந்த ஸ்கேனரில் போட்டாலும் அந்த நுரை திரும்பி வராது. மீட்டர் கரும்பாறையை அளந்து வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னதை அப்படியே நம்பியதுதான் தவறு. விவரம் தெரியவேண்டிய வெள்ளைப் பகுதியை சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்து, அதற்கு மேல் ஒன்றரை ஸ்டாப் மட்டும் கூட்டுங்கள். நிழல் கறுத்தால் கறுக்கட்டும்.

வெயில் நாளில் மர நிழலில் எடுத்தால் முகம் நீலம் பாயும். லென்ஸில் நீலத்தைத் தணிக்கும் 81ஏ ஃபில்டர் மாட்டிக்கொள்வது நல்லது.

அப்புறம் ஸ்கேன். ஸ்லைடின் கறுப்பு மிக அடர்த்தியானது. சாதாரண ஃபிளாட்பெட் ஸ்கேனரின் விளக்கொளி அதைத் துளைத்து வரத் திணறும். பிறகு கம்ப்யூட்டரில் நிழலை இழுத்து இழுத்து வெளிச்சமாக்கினால் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் மிஞ்சும். நிறச் சாயல்களை நுணுக்கமாகப் பதியும் 16 பிட்டில் ஸ்கேன் செய்யுங்கள், வசதி இருந்தால் ஒரே ஸ்லைடை வெவ்வேறு வெளிச்ச அளவில் ஸ்கேன் செய்து சேர்க்கும் மல்டி எக்ஸ்போஷரைப் போடுங்கள். லைட்பாக்ஸில் கண்ணுக்குத் தெரியாத நிழலை ஸ்கேனில் தேடவேண்டாம்.

வீட்டிலுள்ள பழைய ஸ்லைடுகளை ஸ்கேன் செய்பவர்கள் முதலில் ஸ்லைடைச் சுற்றியுள்ள சட்டமான மவுண்ட்டைப் பாருங்கள். கோடாக்கின் பழைய ஸ்லைடு ஃபிலிமான கோடாக்ரோம் என்று அச்சாகியிருந்தால், ஸ்கேனரில் தூசியை நீக்கும் வசதியான டிஜிட்டல் ஐஸை நிறுத்திவிடுங்கள். அது அகச்சிவப்பு ஒளியை வைத்துத் தூசியைக் கண்டுபிடிக்கிறது. இ-6 என்ற வழக்கமான முறையில் கழுவிய ஸ்லைடுகளில் அந்த ஒளி தடையில்லாமல் போகும். கோடாக்ரோமில் படத்தின் கறுத்த பகுதிகளே அதை மறித்துவிடும். பெரும்பாலான ஸ்கேனர்கள் அதையும் தூசி என்று எடுத்துக்கொண்டு, கண் இமையையும் புடவைக் கரையையும் தேய்த்து மழுக்கிவிடும். புளோயரால் ஊதி, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். நேரமாகும், ஆனால் படம் பிழைக்கும்.

பரணில் கழுவாத கோடாக்ரோம் ரோல் கிடைத்தால் சாதாரண கலர் லேபில் கொடுத்துவிடாதீர்கள். அதற்கான கே-14 முறையை வைத்திருந்த கடைசி லேபும் 2010 இறுதியோடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. இனி அதைக் கறுப்பு வெள்ளையாகக் கழுவித் தருபவர்களைத்தான் தேடவேண்டும்.