கப்ஸின் 1908 சீசன்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க பேஸ்பால் அணியான சிகாகோ கப்ஸின் 1908 சீசனைப் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: நியூயார்க் ஜயன்ட்ஸ் வீரர் ஃபிரெட் மெர்க்கிள் இரண்டாம் பேஸை (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் ஒன்று) தொடாமல் போனார், கப்ஸ் ஜெயித்தது. முதலில் இதைத் தவிருங்கள். ஜயன்ட்ஸின் ஒரு சீசன் தோல்வி முழுவதையும் 19 வயதுப் பையன் தலையில் கட்டுவது அநியாயம்.

செப்டம்பர் 23, ஜயன்ட்ஸின் மைதானமான போலோ கிரவுண்ட்ஸ். ஒன்பதாவது இன்னிங்ஸ், ஸ்கோர் 1-1, இரண்டு பேர் அவுட். ஜயன்ட்ஸ் ஆடுகிறது: மூன்றாம் பேஸில் மெக்கார்மிக், முதல் பேஸில் மெர்க்கிள். பிரிட்வெல் அடித்த பந்து நடுவில் பாய்ந்து போக, மெக்கார்மிக் ஓடி வந்து ரன்னை முடித்துவிட்டார். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. ஆட்டம் முடிந்தது என்று நினைத்த மெர்க்கிள், பாதி வழியிலேயே திரும்பி ஓய்வறைப் பக்கம் ஓடினார். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். கப்ஸின் ஜானி எவர்ஸ் பந்தை வாங்கி இரண்டாம் பேஸை மிதித்து, அவுட் என்று முறையிட்டார். அடித்தவர் முதல் பேஸுக்கு வருவதால் அங்கிருந்த மெர்க்கிள் இரண்டாம் பேஸுக்குப் போயே ஆக வேண்டும்; அதற்கு முன் பந்தோடு ஒருவர் அதை மிதித்தால் அவுட். மூன்றாவது அவுட் இப்படி விழுந்தால் ரன் செல்லாது என்பது விதி. அம்பயர் ஹாங்க் ஓ'டே அவுட் கொடுத்தார். ஆட்டம் டிரா ஆனது.

இதை எவர்ஸின் திடீர் தந்திரம் என்றும் எழுதாதீர்கள். செப்டம்பர் 4 அன்று பிட்ஸ்பர்க்கில் இதே முறையீட்டை இதே ஓ'டேயிடம் அவர் செய்திருந்தார். அன்று எடுபடவில்லை.

அப்புறம், அதோடு சீசன் முடிந்துவிடவில்லை. பிலடெல்பியா அணியின் பந்துவீச்சாளர் ஹாரி கோவெலெஸ்கி அடுத்த சில நாட்களில் ஜயன்ட்ஸை மூன்று முறை வீழ்த்தினார். அதில் இரண்டை ஜெயித்திருந்தாலே லீக் பட்டம் ஜயன்ட்ஸுக்குத்தான். இதைச் சொல்லாமல் மெர்க்கிளை மட்டும் திட்டும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவருடைய மேனேஜர் மெக்ராவே அவரைக் கைவிடவில்லை. 1916 வரை அணியில் வைத்திருந்தார். டிராவான ஆட்டம் அக்டோபர் 8 அன்று மறுபடி நடந்தது. அந்த ஆண்டு 37 வெற்றி கண்ட ஜயன்ட்ஸ் பந்துவீச்சாளர் மேத்யூசனை எதிர்த்து, கப்ஸ் 4-2 என வென்றது. கப்ஸுக்கு 99 வெற்றி. ஜயன்ட்ஸுக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் தலா 98.

இன்றைய ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருவது) கணக்கை வைத்து அன்றைய ஆட்டக்காரர்களை எடை போடுவதும் தவறு. அந்த ஆண்டு இந்த அணிகள் ஆடிய நேஷனல் லீக்கில் ஒரு வீரரின் அதிகபட்சமே 12தான். அப்போது பந்து சீக்கிரம் மெத்தென்று ஆகிவிடும், எளிதில் மாற்றவும் மாட்டார்கள்.

கட்டுரைக்குக் கப்ஸின் இன்றைய மைதானமான ரிக்லி ஃபீல்டு படத்தையும் போட்டுவிடாதீர்கள். அந்த மைதானம் திறந்தது 1914இல், கப்ஸ் அங்கே போனது 1916இல். டெட்ராய்ட் டைகர்ஸை 4-1 எனத் தோற்கடித்து உலகத் தொடரை வென்ற 1908இல் அவர்களின் சொந்த மைதானம் வெஸ்ட் சைடு பார்க்.