சில்லறையும் கார்டும் அடங்கும் குட்டித் தோல் பர்ஸ்: கையாலேயே தைக்கலாம்

என் முதல் பர்ஸைத் தைத்து முடித்த பிறகுதான் பட்டன் ஞாபகமே வந்தது. பட்டன் அடிக்கும் கட்டை பைக்குள் நுழையவில்லை. தையல் முழுவதையும் பிரித்தேன். இந்த வேலையில் தையல் சுமாராக இருந்தால்கூடப் பரவாயில்லை, வரிசை மாறக் கூடாது.

வேண்டியவை: 1.2 மி.மீ. தடிமனுள்ள வெஜ் டேன் தோல், அதாவது மரப்பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்டது. குரோமிய உப்பால் பதனிட்ட குரோம் தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் அதன் விளிம்பு தேய்த்தால் லேசில் பளபளக்காது. கூடவே 0.6 மி.மீ. மெழுகு நூல், முனை மழுங்கிய ஊசி இரண்டு, 4 மி.மீ. இடைவெளியில் பல் வைத்த உளி, கொட்டாப்புளி, ரப்பர் பசை, உப்புத்தாள், ஒரு பிரஸ் பட்டன்.

வெட்டுதல்: வங்கி கார்டின் அளவு 85.6 × 54 மி.மீ. இருபுறத் தையலுக்கும் கார்டின் தடிமனுக்கும் இடம் விட்டு அகலத்தை 100 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியும் சேர்ந்த முதுகுத் துண்டு 125 மி.மீ. உயரம், காசுப் பை 60, கார்டுப் பை 50. ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கட்டரை மூன்று நான்கு முறை மெதுவாக இழுங்கள். ஒரே இழுப்பில் அறுக்கப் பார்த்தால் தோல் நகர்ந்துவிடும்.

தைக்கும் முன்: இரண்டு பைகளின் மேல் விளிம்பையும் இப்போதே உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் தொட்டு, வழவழப்பான மரத்துண்டால் பளபளப்பாக்குங்கள். பிறகு கை போகாது. காசுப் பையின் நடுவில், மேல் விளிம்பிலிருந்து 25 மி.மீ. கீழே, பட்டனின் கீழ்ப்பாதியை அடித்துவிடுங்கள்.

ஒட்டுதல்: முதுகுத் துண்டின் சொரசொரப்பான பக்கத்தில் காசுப் பை, வழவழப்பான பக்கத்தில் கார்டுப் பை. அடி விளிம்பு மூன்றும் ஒன்றாக நிற்கட்டும். பக்கங்களிலும் அடியிலும் 3 மி.மீ. பட்டைக்கு மட்டும் பசை. வழவழப்பில் பசை பிடிக்காது, அந்தப் பட்டையை முதலில் சுரண்டிக்கொள்ளுங்கள்.

தையல்: விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே கோடு போட்டு உளியால் துளையுங்கள். தையல் நீளத்தைப்போல் நான்கைந்து மடங்கு நூல், இங்கே ஒரு மீட்டர் போதும். நூலின் இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போக வேண்டும். இடது ஊசி முன்னால் என்றால் கடைசிவரை அதுதான் முன்னால், மாற்றினால் தையல் கோணும். முடிவில் இரண்டு தையல் பின்னால் வந்து நூலை ஒட்ட வெட்டுங்கள்.

மூடி: அடியிலிருந்து 70 மி.மீ. உயரத்தில் தோலை லேசாக நனைத்து மடித்து, கனமான புத்தகத்தின் கீழ் காயவிடுங்கள். காய்ந்ததும் வெளி விளிம்புகளையும் தேய்த்துவிடலாம்.

பட்டனின் மேல்பாதி கடைசி வேலை. நான்கைந்து காசும் இரண்டு கார்டும் உள்ளே போட்டு, கீழ்ப்பாதியின் குமிழில் சாக்பீஸ் தடவி, மூடியை அதன்மேல் அழுத்துங்கள். வெள்ளைப் புள்ளி விழுந்த இடத்தில்தான் துளை. காலிப் பர்ஸில் குறித்தால், காசு போட்டதும் பட்டன் எட்டாது.